சிவப்பு மைக்காரரின் இரட்டை எஞ்சின்

லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சிவப்பு மை. முப்பத்தோரு வருடம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தவர். ஊரில் எந்த மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட வேண்டுமென்றாலும் அவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வருவார், பார்ப்பார், சிவப்புப் பேனாவை எடுப்பார். கதவு மூட அரை நொடி அதிகம், கம்பிவடத்தில் ஓர் இழை பிசிறு, மோட்டார் அறையில் வெளிச்சம் போதாது என்று எழுதித் தள்ளிவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார். அத்தனை வருடத்தில் ஒரு திருகைக்கூடத் தன் கையால் முடுக்கியவரில்லை. அது அடுத்தவன் வேலை.

அப்பேர்ப்பட்டவர் ஓய்வு பெற்ற நான்காவது மாதம், இழுத்து மூடப்போகிற ஓர் ஏரிக்கரை ஓட்டலிலிருந்து பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கிவந்து இறக்கினார். இருபத்தாறு அடி நீளம். வயிற்றுக்குள் இடது வலதாக இரண்டு எஞ்சின். வீட்டுக்கும் மதில்சுவருக்கும் நடுவே, துணி காயப்போடும் இடத்தில் முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்தியாயிற்று. கொடிக்கயிறு மொட்டைமாடிக்குக் குடிபோனது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அவர் மனைவி வேலை முடிந்து வந்து பார்த்தாள்.

“இது ஓடுமா?”

“ஓட வைக்கணும்.”

“யாரு?”

“நான்தான்.”

அவள் உள்ளே போனாள். அந்த வீட்டில் ஃப்யூஸ் போனால் மாற்றுவது இன்றுவரை அவள்தான்.

எஞ்சின்களுக்கு அடியில் தரைப்பலகை உளுத்துப் போயிருந்தது. அதை மாற்ற வேண்டுமானால் இரண்டு எஞ்சினையும் வெளியே எடுத்தாக வேண்டும். சிவப்பு மை முறைப்படி ஆரம்பித்தார். பேட்டரியைப் பிரித்தார். டீசலை உறிஞ்சி எடுத்தார். தண்ணீர் ஹோஸ்களைக் கழற்றினார். கழற்றிய ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் எண் எழுதிய சீட்டைக் கட்டினார். நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே ‘கழற்றியாயிற்று’ என்று எழுதினார். கழற்றுவதைவிட எழுதுவது அவருக்கு இனித்தது. மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று சீட்டு.

வலது எஞ்சினிலிருந்து கரிய எண்ணெய் ஒரு வாளி வந்தது. இடது எஞ்சினின் அடித்திருகைத் திறந்தால் ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

“பாத்தியா, எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கான்!” என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“ஒடம்புல ரத்தமே இல்லன்னா அதுக்குப் பேரு சுத்தம் இல்லீங்க” என்றாள் அவள்.

அது அவர் காதில் ஏறவில்லை. எஞ்சினைத் தூக்க இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து ஒரு சட்டம் நிறுத்தி, அதில் சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டார். பிறகு வழக்கம்போல நான்கடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார். சட்டத்தின் ஒரு கால், ஒரு விரற்கடை அளவு சாய்ந்திருந்தது. வெல்டிங்கில் ஓரிடத்தில் ஊசிமுனை ஓட்டை. சிவப்புப் பேனாவை எடுத்து, ‘பளு தூக்கத் தகுதியற்றது’ என்று எழுதிச் சட்டத்திலேயே ஒட்டிவிட்டார். சரி செய்ய ஆள் வரவில்லை. எப்படி வரும்? அந்த ஆளும் அவர்தான். மூன்று வாரம் அப்படியே நின்றது.

“எழுதிக் குடுத்தவரும் நீங்க, வாங்கிக்கிட்டவரும் நீங்க. இதுக்கு அப்பீல் எங்க போடறது?” என்று கேட்ட மனைவி, பதிலுக்குக் காத்திராமல் தம்பிக்குப் போன் போட்டாள்.

தம்பிக்கு லாரி பட்டறை. படிப்பு ஏறாதவன் என்று அவனைப் பற்றி அவருக்கு ஒரு நினைப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஒரு கிரேன் வண்டியோடு வந்து தெருவில் நிறுத்தினான். மதிலுக்கு மேலாகக் கிரேனின் கை உள்ளே நீண்டது.

“மாமா, போல்ட்டெல்லாம் எடுத்தாச்சா?”

“காலுக்கு ஒண்ணு, எஞ்சினுக்கு நாலு, ஆக எட்டு. எட்டும் எடுத்தாச்சு. நோட்டுல இருக்கு.”

“நோட்டுல இருக்கறது இருக்கட்டும். எஞ்சின்ல இல்லையே?”

“மாப்ளே, நான் முப்பத்தோரு வருஷம்…”

“சரி சரி, தூக்குப்பா!”

வலது எஞ்சினில் கட்டிய சங்கிலி விறைத்தது. எஞ்சின் அசையவில்லை. படகு அசைந்தது. பின்பக்கம் முழுதும் மெல்ல மேலே எழும்ப, ஒரு முட்டுக்கட்டை நழுவி உருண்டது. “நிறுத்து! நிறுத்து!” என்று கத்தியவர் சிவப்பு மைதான். கிரேன்காரர் பதறாமல் படகைப் பழைய இடத்தில் இறக்கினார். முட்டுக்கட்டையைத் திரும்பக் கொடுத்து, சங்கிலி தொய்ந்த பிறகு சிவப்பு மையே உள்ளே தவழ்ந்து போய்ப் பார்த்தார். புகைக்குழாய்க்குப் பின்னால், கண்ணுக்குப் படாத மூலையில், ஒரு போல்ட் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. நோட்டில் அதற்கு நேரே அழகான கையெழுத்தில் ‘கழற்றியாயிற்று’.

மச்சான் ஸ்பேனரை நீட்டினான். கேலி செய்திருந்தால்கூட அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அரை மணி நேரம் மல்லுக்கட்டி, விரல்முட்டி தோலுரிந்து அதைக் கழற்றினார். வலது எஞ்சின் சாதுவாக எழும்பி வெளியே வந்து இறங்கியது.

இடது எஞ்சின் பாதி உயரம் வந்ததும் கிரேன்காரர் தலையை நீட்டினார்.

“சார், ரெண்டும் ஒரே எஞ்சின்தானே? அது முந்நூத்தி நாப்பது கிலோ காட்டுச்சு. இது இருநூறுகூட வரலையே!”

இறக்கி வைத்து மேல்மூடியைத் திறந்தார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை. பிஸ்டன் இல்லை, தண்டு இல்லை. ஒரு சிலந்திதான் வலை கட்டிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. ஒரு எஞ்சினைப் பிழைக்க வைக்க இன்னொன்றின் குடலை உருவிவிட்டு, மூடிபோட்டு, பெயின்ட்டும் அடித்திருந்தார்கள்.

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “இத்தனை வருஷமா ஒத்தக்கால்ல ஓடியிருக்கு மாமா! ரெட்டை எஞ்சின்னு டிக்கெட் வேற குடுத்திருப்பானுங்க! எந்த ஆபீசரு தெறந்து பாத்தான்?”

சிவப்பு மை சிரிக்கவில்லை. எல்லாரும் போனபின் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மனைவி அவர் விரல்முட்டிக்கு மருந்து போட்டாள்.

“மோட்டார் ரூம் மொட்டைமாடில இருக்கும். ஒரு கட்டடம் ஒம்பது மாடி. என் கையெழுத்து விழாம லிஃப்ட்டு ஓடாது, ஏறித்தான் போகணும். எனக்கு அப்ப முட்டிவலி. கீழயே உக்காந்து, கம்பெனிக்காரன் குடுத்த பேப்பரைப் பாத்துக் கையெழுத்துப் போட்டேன்.”

“ஏதாவது ஆச்சா?”

“ஆகல. ஆகலங்கறதால யாருக்கும் தெரியல.”

“ஒரு தடவையா?”

அவர் நகக்கண்ணில் இருந்த கிரீஸைப் பார்த்தார். “நாலஞ்சு.”

அவள் பஞ்சைக் கட்டி முடிச்சுப் போட்டாள். சற்று இறுக்கமாகவே போட்டாள்.

மறுநாள் சிவப்பு மை பட்டறைக்குப் போய் மச்சானிடம், “ஸ்பேனர் எப்படிப் பிடிக்கறதுன்னு சொல்லிக் குடு” என்றார். மச்சான் முதலில் கேலி என்று நினைத்தான். வலது எஞ்சினைப் பிரித்துக் கோத்து, தரைப்பலகை மாற்றி, அதையே நடுவில் வைத்துப் பூட்ட ஒன்றரை வருடம் பிடித்தது. இடது எஞ்சின் பழைய இரும்புக்குப் போனது.

படகைத் தண்ணீரில் விடுமுன் ஆய்வுக்கு ஓர் அம்மாள் வந்தார். ஒல்லியான உருவம், கையில் டார்ச். மண்டிபோட்டு, குப்புறப் படுத்து, ஒரு மணி நேரம் பார்த்தார். பதினொரு குறை எழுதினார். படகருகே நின்ற மச்சானுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

சிவப்பு மை பட்டியலை இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது.

“எல்லாம் சரியா இருக்கும்மா. ஒண்ணே ஒண்ணு விட்டுட்டீங்க. புகைக்குழாய்க்குப் பின்னால இருக்கற போல்ட்டு. அங்க கை போறது கஷ்டம், எனக்கே முழுசா முடுக்க வரல, ஆனா பாக்கணும்.”

அந்த அம்மாள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே தவழ்ந்தார். பன்னிரண்டாவது குறையும் ஏறியது.

“மாமா, நீங்க யாரு கட்சி?” என்றான் மச்சான்.