ஏழு நிமிடப் பாட்டு

இசை நாடகங்களை மேடையேற்ற அனுமதி கொடுக்கும் நியூயார்க் அலுவலகம் ஒன்றில் லொரெட்டா கமின்ஸ்கிக்கு இருபத்திரண்டு வருட வேலை. எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் நாடகம் போட்டாலும் அவளிடம்தான் கேட்க வேண்டும். அவள் எழுதிய நாடகமும் அந்த அலுவலகம் அனுமதி கொடுக்கும் நாடகங்களின் பட்டியலில் இருந்தது. ஆறு வருடமாக அதை யாரும் சீண்டவில்லை. கூடப் படித்த வெண்டல் ப்ரௌட் எழுதிய 'துறைமுகத்து மணப்பெண்'ணை மட்டும் வாரத்துக்கு மூன்று ஊர் கேட்டது. ஒவ்வோர் அனுமதிக் கடிதத்திலும் அவன் பெயரை டைப் அடிக்கும்போது அவளுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து மழுப்புகிறவள் இல்லை அவள்.

ஒரு திங்கட்கிழமை இண்டியானாவிலிருந்து எல்லர்ஸ் என்ற பள்ளி ஆசிரியை போன் செய்தார்.

"'துறைமுகத்து மணப்பெண்' ரெண்டாம் பாதியில கப்பல்காரனோட அம்மா பாடுற பாட்டு ஏழு நிமிஷம் போகுதுங்க. பாடுற பொண்ணே கொட்டாவி விடுறா. அதை எடுத்துடலாமா?"

ஒரு வார்த்தையை மாற்றுவதானாலும் எழுதியவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். வெண்டல் இதுவரை யாருக்கும் போட்டதில்லை. அதுவும் அந்தப் பாட்டு என்றால் அவனுக்கு உயிர். அதைப் பிடுங்கிவிட்டால் நாடகம் பொக்கைவாயாக இளிக்கும், ஒரு ஊரிலாவது அவன் மானம் போகட்டும் என்று லொரெட்டா நினைத்தாள்.

"தாராளமா எடுத்துக்குங்க. லெட்டர் அனுப்பிடுறேன்," என்றாள். வெண்டலிடம் மூச்சு விடவில்லை.

மூன்று வாரம் கழித்து அவன் நேராக அலுவலகத்துக்கே வந்து நின்றான். எல்லர்ஸ் அழைத்ததால் இண்டியானாவுக்கே போய் நாடகத்தைப் பார்த்திருக்கிறான். இன்றோடு வேலை போயிற்று என்று லொரெட்டா முடிவே கட்டிவிட்டாள்.

"அந்தப் பாட்டை எடுக்கச் சொன்னது நீதானே?"

"நான்தான்."

"என்னைக் கேக்கணும்னு தோணலையா?"

"தோணுச்சு. கேட்டா முடியாதுன்னிருப்பே."

வெண்டல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "வாஸ்தவம். மடையன் நான். ஒருத்தர்கூட எழுந்து போகல, லொரெட்டா. கடைசியில அழுதாங்க. என் நாடகத்துக்கு ஜனம் அப்படி அழுது நான் பாத்ததே இல்ல. இனிமே எல்லா ஊருக்கும் அந்தப் பாட்டு இல்லாமலே அனுப்பு."

கெடுக்கப் போனவள் கெட்டதைச் சீர்செய்து கொடுத்திருக்கிறாள். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

வாசல் வரை போனவன் திரும்பினான். அடுத்ததை நக்கலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் அன்பாகச் சொன்னான்.

"உன் நாடகத்துலயும் அந்தத் தபால்காரன் வர்ற காட்சியை முழுசா வெட்டியிருந்தா ஓடியிருக்கும். அடுத்தவன் எழுத்துல உனக்கு இவ்வளவு தெரியுது, இது எப்படித் தெரியாமப் போச்சு?"

இரண்டு வருடம் உட்கார்ந்து இழைத்து இழைத்து அவள் எழுதிய காட்சி அது.

"அதை மட்டும் தொட விடமாட்டேன்," என்றாள்.

அவன் சொன்னது சரி என்று அதைச் சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தன் நாடகத்தின் குறையைக்கூட அவன்தான் முதலில் கண்டுபிடித்திருக்கிறான் என்பதை அவளால் பொறுக்க முடியவில்லை.