கொக்கி மாட்டுவதற்கு முன்

என் அக்காவின் கணவரைக் கொன்றது என் அவசரம். அவருடைய அவசரம் என்று ஐந்து வருடங்களாக நான் சொல்லிவருவது பொய்.

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களுக்குச் செல்வம் மச்சானைத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறது...

பர்மாவில் மழைக்காலத்து மதியம் ஒன்று. மாவ்பி என்ற ஊரில் கத்தரிக்காய் ஏற்றிக்கொண்டு, எங்கள் வீடு இருந்த பசுந்தாங் சந்தைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். லாரி மச்சானுடையது, ஓட்டியவன் நான். வயல்களுக்கு நடுவே குறுக்காக ஒரு மண்பாதை பிரிந்தது.

"வேணாம் மாப்பிள்ளை. ரெண்டு நாளா மழை. தார் ரோட்டுலயே போவோம்" என்றார்.

நான் வண்டியை மண்பாதையில் திருப்பினேன்.

அரை மைல்கூடப் போகவில்லை. பின்சக்கரம் அச்சுவரை சேற்றில் இறங்கிவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாகப் போனது. மச்சான் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மண்வெட்டியால் சக்கரத்தைச் சுற்றித் தோண்டினார். வைக்கோலை அள்ளிப் பரப்பினார். சேற்றில் பிடிமானம் கிடைக்க டயரைச் சுற்றிக் கட்டும் இரும்புச் சங்கிலியை எடுத்து மாட்டத் தொடங்கினார். வானம் கறுத்து, மழை வலுத்துக்கொண்டே வந்தது. வயல் தண்ணீர் வரப்பைத் தாண்டிப் பாதைக்குள் ஊர்ந்தது.

"ஆச்சா மச்சான்?"

"இரு. கொக்கி இன்னும் மாட்டல."

மழை இரைச்சலில் கேட்கவில்லை என்று என்னையே நம்பவைக்கப் பார்த்திருக்கிறேன். கேட்டது... தெளிவாகவே கேட்டது.

பின் ஏன் மிதித்தேன்? அவர் வேலை முடிவதற்குள் வண்டியை நானே வெளியேற்றிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவர் சொன்னது சரி, நான் செய்தது தவறு என்று ஆகிவிடக் கூடாது. அவ்வளவு அற்பமான காரணம்.

லாரி உலுக்கி எழுந்து மேட்டில் ஏறியது. ஒரு கணம் நான் மகிழ்ந்தேன். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். பிறகுதான் கண்ணாடியில் பார்த்தேன். கொக்கி மாட்டாத சங்கிலி சுழன்று அவர் தலையில் அடித்திருந்தது. அவர் வைக்கோலின்மேல் குப்புறக் கிடந்தார்.

வயலிலிருந்து ஓடி வந்தவர்களிடம் முதல் பொய்யைப் பர்மிய மொழியில் சொன்னேன்: "மிதி என்றார், மிதித்தேன்." பசுந்தாங் வீட்டில் கமலா அக்காவிடம் தமிழில் சொன்னபோது அது இன்னும் எளிதாக வந்தது.

"அவரு நிதானமான ஆளாச்சே தம்பி..."

"மழைய பாத்துப் பதறிட்டாருக்கா."

அன்று அவரை இரண்டாம் முறை கொன்றேனா? அக்கா இப்போது அவருக்காக அழுவதில்லை, அவர்மேல் கோபப்படுகிறாள். "எங்கள நெனைக்காம அப்படி என்ன அவசரம்?" என்று அவர் படத்தைப் பார்த்துக் கேட்கிறாள். என் தட்டில் மட்டும் பரிவோடு சோறு போடுகிறாள். நான் சாப்பிடுகிறேன்.

போன வாரம் அவர் மகள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டமாகக் கிளம்பினாள். "ஒங்கப்பன மாதிரி அவசரப்படாத" என்று அக்கா அதட்டினாள்.

தகப்பன் இறந்தபோது அந்தப் பெண்ணுக்கு நாலு வயது. அவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நாங்கள் சொன்னதுதான். வாசலில் நின்று என்னைப் பார்த்து, அவளுக்குச் சரளமான பர்மிய மொழியில் கேட்டாள்: "அப்பா அப்படித்தானா, மாமா?"

நான் ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மெல்ல இறங்கிப் போனாள்.