பெண்கள் பக்கத்துப் பாறை

குற்றாலம் மெயினருவியில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் குளிப்பார்கள். நடுவில் கம்பித் தடுப்பு. இது தெரியாத தென்காசிக்காரர் கிடையாது. ஆனால் இதனால் நிலவியலில் என்ன தப்பு நடந்தது என்பது நான் சொல்லித்தான் பெரிய பெரிய நிபுணர்களுக்கே தெரிந்தது. பெருமைதான் அடித்துக்கொள்கிறேன், அடித்துக்கொண்டால் என்ன?

கோடி கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு நிலத்துண்டுகள் மோதி ஒட்டிக்கொண்ட கோடு எங்கே ஓடுகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. வரைபடத்தில் அதைச் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் போட்டிருந்தார்கள். போட்டவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அத்தனை பேரும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் வந்தவர்கள்தான். எப்போது? சாரல் சீசனில். காலையில் பேருக்கு ரெண்டு பாறையைத் தட்டுவது, மத்தியானம் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது, சாயங்காலம் புரோட்டா. தண்ணீர் வற்றிய கோடையில் வெயிலில் காய எவர் வருவார்? சீசனில் பெண்கள் பக்கம் எட்டிப் பார்க்கவும் முடியாது. அங்கேயும் இதே பாறைதான் இருக்கும் என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

நான் சின்ன வயதிலிருந்து அங்கே குளித்தவள். ஓரத்துப் பாறை மட்டும் பிசைந்த மாவை இழுத்துவிட்டதுபோல வரிவரியாக நசுங்கிக் கிடக்கும். அனுமதி வாங்கிச் சுத்தியலோடு போன அன்று, ஈரத்தலையோடு நின்ற ஓர் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏட்டி, குளிக்க வந்தியா, கொத்தனார் வேலைக்கு வந்தியா?”

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அந்தப் பாறையிலும் அதன் இரு புறமும் கல் உடைத்து எடுத்தேன். ஆய்வகத்தில் பொடித்துப் பார்த்தபோது, நசுங்கிய பாறைக்கு ஒரு புறம் கடலடிச் சேற்றிலிருந்து உருவான கல், மறு புறம் பூமியின் ஆழத்தில் உருகி உறைந்த கல். கோடு அருவியிலேயே ஓடியது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், பழைய வரைபடம் போட்டவர்களில் ஒருவர். “இந்தக் கல்லை எங்கிருந்து பொறுக்கினீங்க? நான் வருஷா வருஷம் குற்றாலம் வர்றவன். இந்த அத்தியாயத்தை எடுத்தாத்தான் கையெழுத்து” என்றார்.

“எந்த மாசம் வருவீங்க சார்?”

“சீசன்லதான்.”

“ஆம்பளைங்க பக்கம்தானே குளிப்பீங்க?”

அறையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவர் முகம் கறுத்தது.

வெளியே வந்ததும் என் வழிகாட்டி, “ஏம்மா, அந்த ஒண்ண எடுத்துரேன். பட்டத்த வாங்கிட்டு அப்புறம் சண்ட போடுவோம். உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்” என்று கெஞ்சினார். முடியவே முடியாது என்றேன். உண்மையை எடுத்துவிட்டு வாங்குகிற பட்டத்தை வைத்து நான் என்ன செய்ய? பேராசிரியரே வந்து பார்க்கட்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.

பங்குனியில் வந்தார். அருவியில் பொட்டுத் தண்ணீர் இல்லை. பெண்கள் பக்கப் பாறையில் லென்ஸை வைத்துக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது குரலே மாறியிருந்தது.

“பிரமாதம்மா. கட்டுரையா போடுவோம். என் பேரை முதல்ல போட்டா பெரிய பத்திரிகையில வந்துடும். கையெழுத்து நாளைக்கே போட்டுடறேன்.”

எடுத்துப் போடச் சொன்ன அதே வாய்!

“சார், நீங்க கையெழுத்துப் போட்டாலும் சரி, போடாட்டியும் சரி. இதுல என் பேரு மட்டும்தான்.”

அவர் போடாமலே ரயிலேறினார். பட்டம் தள்ளிப்போயிற்று. கூடப் படித்தவர்கள் வேலையில் சேர்ந்தார்கள். “அந்தக் கல்லக் கட்டிக்கிட்டு எத்தன நாளுட்டி அழுவ?” என்று அம்மா திட்டினாள். நான் அழவில்லை. கோட்டைச் சரியாகப் போட்ட புது வரைபடத்தோடு கட்டுரையை ஒற்றைப் பெயரில் அனுப்பினேன், வெளிவந்தது. அதற்குப் பிறகு வேறொரு தேர்வாளர் வந்தார். அத்தியாயத்தில் ஒரு வரிகூடக் குறையாமல் பட்டம் கிடைத்தது.

அந்தப் பேராசிரியர் இப்போது வகுப்பில் என் வரைபடத்தைக் காட்டித்தான் பாடம் நடத்துகிறாராம். நன்றாக நடத்தட்டும். படத்துக்குக் கீழே யார் பேர் என்று பிள்ளைகள் கேட்டால், அவர் வாயாலேயே சொல்லித்தானே ஆக வேண்டும்.