கனிவானவர் வருந்திய விதம்

என் தங்கை புருஷனுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் ‘கனிவு’. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. காலையில் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தாரானால் பொழுது சாயும்வரை ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். குரலென்றால் அப்படி ஒரு குரல். வண்டி ரத்து என்று அவர் சொன்னால்கூட, கேட்டவனுக்கு ஏதோ நல்ல சேதி வந்த மாதிரி இருக்கும். கல்யாணம் பேச வந்த அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அந்தக் குரலில் நாலு வார்த்தை பேசினார். எங்கள் குடும்பமே மயங்கிவிட்டது. ஆளைப் பார்த்திருக்க வேண்டிய நேரத்தில் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பேருந்து நிலையத்துக்கு நேர் எதிரே என் மூக்குக்கண்ணாடிக் கடை. தங்கையும் என்னோடுதான் வேலை பார்க்கிறாள். ஃப்ரேமில் கண்ணாடி பொருத்துவது, காது பக்கம் வளைத்துக் கொடுப்பது, கண்ணுக்கே தெரியாத திருகாணிகளை முடுக்குவது எல்லாம் அவள் கைவேலை. நான் கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் வாயடிப்பேன். நிலையத்து ஒலிபெருக்கி ஒன்று எங்கள் வாசல் கம்பத்திலேயே கட்டியிருந்தது. ஆக, புருஷன் பேச்சை நாள் முழுக்கக் கேட்கிற பாக்கியம் என் தங்கைக்கு வாய்த்திருந்தது. கேட்டுக் கேட்டு அது காதில் விழுவதே நின்றுபோய்விட்டது.

மாப்பிள்ளைக்கு ஒரு வழக்கம். ‘நான்’ என்று சொல்லவே மாட்டார். கூண்டுக்குள் ‘தெரிவித்துக்கொள்கிறோம், கேட்டுக்கொள்கிறோம், வருந்துகிறோம்’ என்று சொல்லிச் சொல்லி வீட்டிலும் அதே பாஷைதான். சட்டைப் பொத்தான் அறுந்துபோனால் “பொத்தான் இல்லாததைத் தெரிவிச்சுக்கிறோம்” என்பார். தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள். புதுசில் எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்புறம் கவனித்துப் பார்த்தேன். அவர் கை தவறிக் கண்ணாடி டம்ளர் உடைந்தாலும் “உடைஞ்சிடுச்சு, வருந்துறோம்” என்றுதான் வரும். உடைத்தது யார் என்பது மட்டும் கடைசிவரை வராது.

ஒருநாள் மதியம், தங்கை ஒரு கிழவருக்கு ஃப்ரேம் வளைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை நிறுத்தினாள்.

“அண்ணா, கவனிச்சியா? எல்லா வண்டியும் ‘புறப்படுகிறது’. அந்த மதிய வண்டி மட்டும் ‘இனிதே புறப்படுகிறது’.”

நான் கவனிக்கவில்லை. கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன் காதுக்கும் பொறுப்பா? தூரப் பயணம் போகிற வண்டி, போகிறவர்களுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்கிறார் என்று சமாதானம் சொன்னேன். அதைவிடத் தூரம் போகிற வண்டிகள் காலையிலேயே போகின்றனவே, அதற்கெல்லாம் இனிமை கிடையாதா என்று கேட்டாள். வேலையைப் பார் என்று அதட்டினேன். அண்ணன்கள் பதில் இல்லாதபோது செய்வது அதுதான்.

அடுத்து சாப்பாட்டு டப்பா. மதிய வண்டி போனபின் கொஞ்ச நேரத்துக்கு வண்டிகள் இல்லை. ஒலிபெருக்கியில் நகைக்கடை விளம்பரமும் பற்பொடி விளம்பரமும் மாறி மாறி ஓடும். அதுதான் மாப்பிள்ளையின் சாப்பாட்டு நேரம். கட்டிக் கொடுத்த டப்பா சாயங்காலம் எச்சிலும் பிசுக்குமாகத்தான் திரும்பி வரும், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். திடீரென்று அது பளபளவென்று கழுவித் துடைத்து வர ஆரம்பித்தது. மூடி இடுக்கில்கூட ஒரு பருக்கை இல்லை. எந்தப் பெண்டாட்டியும் இதற்குச் சந்தோஷப்பட வேண்டும். என் தங்கை டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வீட்டு சோப்பு வாசனை இல்லை.

நான் போய்க் கேட்டேன். மாப்பிள்ளை கூண்டுக்குள் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தேனாகப் பேசினார். ‘இனிதே’ என்பது பயணிகள் நலனுக்காகவாம். டப்பா கழுவுவது சுத்தத்துக்காகவாம். “வீண் சந்தேகத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம்னு கேட்டுக்கிறோம், மச்சான்” என்றார். அந்தக் குரலில் அதைக் கேட்டதும் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்காத குறையாக எழுந்து வந்தேன்.

விஷயம் இதுதான். அந்த மதிய வண்டியை ஓட்டுகிற டிரைவரின் வீடு நிலையத்துக்குப் பின்சந்தில் இருந்தது. அவர் மனைவி வீட்டிலேயே தையல் போடுகிறவள். ஒருநாள் புருஷன் வண்டி வர நேரமாகிவிட்டதென்று பதறிக்கொண்டு கூண்டுக்கு வந்து கேட்டிருக்கிறாள். ஒலிபெருக்கியில் ஊருக்கே சொல்கிற அதே ‘தாமதத்திற்கு வருந்துகிறோம்’ என்பதை, மாப்பிள்ளை ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு அவளுக்கு மட்டும் சொல்லியிருக்கிறார். வீட்டில் வாயே திறக்காத புருஷனோடு வாழ்ந்தவள், தனக்காக ஒருவர் வருந்துகிறாரே என்று உருகிவிட்டாள். அப்புறம் டிரைவர் கிளம்பினால் வண்டி இனிதே புறப்படும், இவரும் டப்பாவோடு அவள் வீட்டுக்கு இனிதே புறப்படுவார். தெரு காலி என்று மனுஷன் ஊரைக் கூட்டி ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டுப் போயிருக்கிறார். கள்ளத்தனம் செய்கிறவன் மெதுவாகப் பேசுவான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் மாப்பிள்ளைக்கு அதற்கும் ஒலிபெருக்கி தேவைப்பட்டது.

பிறகு ஒருநாள் வண்டி இனிதே புறப்பட்டு, ஊர் எல்லை தாண்டுவதற்குள் புகை கக்கி நின்றுவிட்டது. பயணிகளை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, டிரைவர் வீட்டில் ஒரு வாய் சாப்பிடலாம் என்று நடந்தே வந்திருக்கிறார். வீட்டில் அவருடைய நாற்காலியில் மாப்பிள்ளை. அடித்தாரா, உதைத்தாரா என்று இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்கள் ஆசையாகக் கேட்கிறார்கள். ஒன்றும் செய்யவில்லை. மாப்பிள்ளை பின்பக்கமாக ஓடியிருக்கிறார், டப்பாவை விட்டுவிட்டு.

அந்த டப்பாவைத்தான் டிரைவர் எங்கள் கடைக்கு எடுத்துவந்தார். காக்கிச் சட்டை, கையெல்லாம் எண்ணெய்க்கறை. என்னைப் பார்க்கவே இல்லை. தங்கை முன்னால் மேஜைமேல் மெதுவாக வைத்தார்.

“இது உங்க வீட்டுப் பாத்திரமாம்மா?”

தங்கை மூடியைத் திறந்து பார்த்தாள். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. காலையில் அவள் கட்டிக் கொடுத்தது.

“ஆமாங்க” என்றாள்.

அவர் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். “என் வண்டிக்கு மட்டும் ஒரு வார்த்தை கூடச் சேத்துச் சொல்வாரும்மா. மத்த டிரைவருங்ககிட்ட அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கேன்” என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மனுஷன் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அழுகைதான் வந்தது.

அதோடு இரண்டு வீடு போயிற்று. டிரைவர் மனைவி தையல் எந்திரத்தைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வண்டி ஏறினாள். அந்த வண்டியை அறிவிக்க வேண்டிய முறை மாப்பிள்ளையுடையது. ‘புறப்படுகிறது’ என்று மட்டும் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் கூண்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாளாம். விளம்பரத்தைப் போட்டுவிட்டு மாப்பிள்ளை மேஜைக்கடியில் எதையோ தேடினாராம்.

தங்கை அவரை வீட்டுக்குள் விடவில்லை. விடுதியில் அறை எடுத்துத் தங்கினார். சட்டை கசங்கியது, முகத்தில் முள்தாடி. குரல் மட்டும் கசங்கவில்லை. காலை உடைக்கிறேன் என்று நான் குதித்தேன். வெளியூரிலிருந்து சித்தப்பா வந்து, ஆம்பிளை என்றால் அப்படி இப்படித்தான், பூசி மெழுகி விடு என்றார். என் தங்கை இரண்டு பேரையும் ஒரே பார்வையில் உட்காரவைத்தாள்.

அவளுக்கு அந்த மனுஷன் வேண்டும். அதுதான் எனக்கு ஆத்திரம். கடையில் குனிந்து வேலை செய்கிறவள், ஒலிபெருக்கி கரகரத்தால் நிமிர்ந்துவிடுவாள். ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

“வரட்டும் அண்ணா. வந்து, ‘நான் தப்பு பண்ணிட்டேன்’னு சொல்லட்டும். ‘நான்’னு சொல்லணும். அது போதும் எனக்கு.”

“அது மட்டுமா?”

“அதை அவர் சொல்லிட்டா மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

இவ்வளவு மலிவாக ஒரு குடும்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. இருந்தாலும் அவள் கேட்டது கிடைக்கட்டும் என்று விடுதிக்குப் போனேன். மாப்பிள்ளை, ஒரே ஒரு வரி, இதுதான் வரி என்று சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டினார். சொல்லிக் காட்டச் சொன்னேன். “அங்கே வந்து சொல்றோம், மச்சான்” என்றார். அந்த ‘றோம்’ அப்போதே என் காதில் இடறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். முகம் மழித்து, துவைத்த சட்டை. தங்கை விடிந்ததிலிருந்து வீட்டைக் கூட்டியிருந்தாள். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியைத் துடைத்துக் கூடத்தில் போட்டிருந்தாள். அந்த டப்பாவைக்கூடத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தாள். நான் அடுப்படி வாசலில் நின்றேன். அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். ஒலிபெருக்கியில் தினம் கேட்கிற அதே செருமல்.

“நடந்த தவறுக்கும், அதனால உனக்கு ஏற்பட்ட சிரமத்துக்கும் வருந்துறோம்.”

குழைந்து, நிறுத்தி, அழகாகத்தான் சொன்னார். தங்கை அவர் வாயையே பார்த்தபடி கேட்டாள்.

“வருந்துறோம்னா, யாரு யாருங்க?”

“அது ஒரு பழக்கத்துல…”

“பரவாயில்லை. பிரிச்சுச் சொல்லுங்க. அதுல உங்க பங்கு எது?”

கேட்டது சண்டைக்குரலில் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பது போல இருந்தது. இரண்டே எழுத்து. எனக்கு உதடு துடித்தது, நானே சொல்லிவிடலாம் போல. மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அத்தனை வருஷத்தில் முதல்தடவையாக அந்த ‘நாங்கள்’ உடைந்து உள்ளேயிருந்து ஒரு தனி ஆள் வெளியே வந்தது.

“அவதான் முதல்ல வந்து பேசினா.”

தங்கை நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் போட்டாள். கவிழ்த்திருந்த டப்பாவை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

“கிளம்புங்க” என்றாள். இனிதே என்று சொல்லவில்லை.

மறுநாள் கடையில் ஒரு டீச்சரம்மாவுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தாள். வாசல் கம்பத்தில் கரகரவென்று வந்தது. ஏதோ ஒரு வண்டி வர நேரமாகும், பயணிகளுக்கு ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம். தங்கை இந்தத் தடவை நிமிரவில்லை.

“யாரு யாரு?” என்றாள், திருகாணியிடம்.

டீச்சரம்மா புரியாமல் என்னைப் பார்த்தார். நான் துணியை எடுத்து மேஜையைத் துடைத்தேன். தங்கை அந்தத் திருகாணியை மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தாள். அது நிற்கவே இல்லை. கடைசியில் நான்தான் வாங்கி முடுக்கிக் கொடுத்தேன்.