ரோஸ்லின் சிஸ்டர் வண்டியின் ஹேண்டில்பார்

ஹேண்டில்பார் குழாய்க்குள் ஒயர் போகவில்லை. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன். பதினொரு மணியாகியும் ஐந்து ஒயரும் முதல் வளைவிலேயே முட்டிக்கொண்டு நின்றன. குன்னூர் ஒர்க்‌ஷாப்பில் நான் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் இப்படியொரு வேலையை யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

வண்டி ரோஸ்லின் சிஸ்டருடையது. எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ். தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கு வரிசையாக பைக்கில் போய்க் குழந்தைகளுக்கு ஊசி போடுகிறவர். முறிந்த தோள் எலும்பு கூடிய பிறகும் அவரால் கையை முன்னால் நீட்ட முடியவில்லை. வண்டி ஓட்ட முடியாவிட்டால் கோயம்புத்தூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். அதனால் எங்கள் முதலாளி சேவியர் அண்ணன் குழாயை உயர்த்திப் பின்பக்கமாக வளைத்து, அவர் கைக்கு எட்டுகிற மாதிரி புது ஹேண்டில்பார் செய்தார். ஒயரை வெளியே கட்டிப் பார்த்தோம். ரெயின்கோட் கை அதில் மாட்டியது. உள்ளே விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

"தள்ளாதே மணி, இழு," என்றார் அண்ணன்.

"இழுக்கறதுக்கு மொதல்ல ஏதாச்சும் அந்தப் பக்கம் போகணுங்களே அண்ணா."

தையல் நூலின் நுனியில் கொஞ்சம் பஞ்சைக் கட்டிக் குழாய்க்குள் வைத்தேன். பின்னாலிருந்து கம்ப்ரசர் காற்றை அடித்தேன். பஞ்சு மறுமுனையில் பறந்து போய் அண்ணன் குடித்துக்கொண்டிருந்த டீக்குள் விழுந்தது. அவர் டம்ளரை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, "நூலை அறுத்துடாதே," என்றார்.

நூலில் கயிற்றைக் கட்டி இழுத்தேன். கயிற்றில் ஒயர்களைக் கட்டினேன். நீளம் போதாமல் சோல்டர் வைத்து ஒட்டிய இடங்கள் ஒன்றாகச் சேர்ந்து புடைக்காதபடி முன்பின்னாக அமைத்து, வழுக்கிக்கொண்டு போக மேலே முகப்பவுடரைத் தடவினேன். பத்தே நிமிஷத்தில் ஐந்தும் வெளியே வந்தன. அண்ணனுக்கு நானே புது டீ வாங்கி வந்தேன்.

மத்தியானம் சிஸ்டர் வண்டியை எடுத்துக்கொண்டு எஸ்டேட் பக்கம் போனார். அரை மணி நேரத்தில் திரும்பினார். அடக்க முடியாத சிரிப்பு.

"ஏனுங்க மணி, வலது பக்கம் திருப்புனா ஹாரன் தானா அடிக்குதுங்க. கொழுந்து பறிக்கிறவங்க எல்லாம் நான் கூப்பிடறேன்னு நெனச்சு கையாட்டுறாங்க. நானும் ஒவ்வொரு வளைவுலயும் ஆட்டிட்டே வந்தேன்."

"கை வலிக்குதுங்களா?" என்று கேட்டார் அண்ணன்.

"எந்தக் கை?" என்றார் சிஸ்டர். அதற்குப் பிறகுதான் தன் தோளைத் தொட்டுப் பார்த்தார். கையை மெல்லத் தூக்கினார், இறக்கினார். பெட்ரோல் டேங்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

எனக்கு சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். ஒயர் வெளியே வரும் ஓட்டையின் விளிம்பில் நான் அரம் போடவில்லை. ஹேண்டிலைத் திருப்பும்போது அங்கிருந்த இரும்புப் பிசிறு ஹாரன் ஒயரின் தோலைக் கிழித்திருந்தது; உள்ளிருந்த கம்பி குழாயில் பட்டபோதெல்லாம் ஹாரன் அடித்திருக்கிறது. ஹெட்லைட் ஒயராக இருந்திருந்தால் பனிமூட்டத்தில் சிஸ்டர் வெளிச்சமில்லாமல் நின்றிருப்பார். விளிம்பை வழவழப்பாக்கி, ஒயர் உரசாமலிருக்க ஓட்டையில் ரப்பர் புஷ் போட்டு, புது ஒயரைத் திருப்பத்துக்குப் போதுமான அளவு தளர்த்திவிட்டு மாட்டினேன்.

அதன் பிறகு எத்தனையோ ஹேண்டில்பாருக்கு உள்ளே ஒயர் விட்டிருக்கிறேன். ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பார்த்து, நானே நாலு வளைவு ஓட்டிவிட்டு வராமல் யாருக்கும் சாவியைக் கொடுத்ததில்லை.