அறிவித்தவர் பெயர்

என் அக்கா புஸ்பராணி முப்பத்தொரு வருடம் மற்றவர்களுடைய இறப்பை எழுதினாள். எங்கள் பட்டினத்தில் ஓர்ஸ் ஹில் பக்கத்தில் இருந்த, பிறப்பு இறப்புப் பதியும் ஒரு கந்தோரில் இறப்பு மேசை அவளுடையது. இறப்புப் பத்திரத்தில் ‘அறிவித்தவர் பெயர்’ என்று ஒரு கட்டம் உண்டு. இறந்தவருடைய பெயரைவிட அந்தக் கட்டத்தில்தான் அவளுக்குக் கண். யார் வந்து நின்றாலும் மூன்று கேள்வி கேட்பாள்.

“ஆர் சொன்னது? எப்ப? நீங்கள் கண்ணால பாத்தனீங்களோ?”

அழுதுகொண்டு வந்தவர்களுக்கு இது கல்நெஞ்சாகத் தெரிந்திருக்கும். கடல் ஊருக்குள் வந்த வருடம் ஒரு தாய் தன் மகனைப் பதிய வந்தாள். பிணத்தைக் கண்டதாகச் சொன்னவர் இன்னொருவர் சொல்லக் கேட்டவர். அந்த இன்னொருவரும் அப்படியே. அக்கா பேனையை மூடி வைத்துவிட்டு, “இன்னும் ஒரு கிழமை பொறுங்கோ அம்மா” என்றாள். ஐந்தாம் நாள் பையன் கிண்ணியாவில் ஒரு பள்ளிவாசலில் இருந்து வந்து சேர்ந்தான். அக்கா இதைப் பெருமையாகச் சொன்னதில்லை. அவளோடு வேலை செய்த ஸைனுலாப்தீன் நானா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு அவளுடைய ஒரே மகன் சிவரூபன் கட்டாரிலிருந்து ஒரு போன் அனுப்பினான். அக்கா அதைக் கந்தோருக்குப் புதிதாக வந்த பதிவேட்டைப் போல நடத்தினாள். எந்தப் பொத்தான் எதற்கு என்று ஒரு கொப்பியில் எழுதினாள். படங்கள் தாமாக வந்து நிறைவதை முதல் நாளே நிறுத்தினாள். வங்கியிலிருந்து கதைப்பதாகச் சொல்லி இலக்கம் கேட்ட ஒருவனிடம், “தம்பி, உங்கட பேர், தகப்பன்ர பேர், கந்தோர் விலாசம் மூண்டையும் சொல்லுங்கோ, எழுதிறன்” என்றாள். அவன் வைத்துவிட்டான். யாரையும் படம் எடுக்குமுன் கேட்பாள். ஒரு செய்தி வந்தால் அந்த மூன்று கேள்வியையும் திருப்பி அனுப்புவாள்.

இப்படிப்பட்டவளை எங்கள் உறவுகள் எப்படிப் பொறுப்பார்கள்?

‘தம்பலகாமம் உறவுகள்’ என்று ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. நூற்று நாற்பத்து மூன்று பேர். அதன் தலைவர் எங்கள் மூத்த அண்ணன் இராசையா. காலை ஐந்து மணிக்கு ஒரு ரோசாப்பூவும் காலை வணக்கமும் போட்டு உலகத்தைத் தொடங்கி வைப்பார். பிறகு வந்ததெல்லாம் போகும்: யானை ஊருக்குள் வந்துவிட்டது (படத்தில் இருப்பது ஆபிரிக்க யானை), நாளை தண்ணீர் வராது (அது போன வருடத்து நாளை), கொதித்த எலுமிச்சைச் சாறு குடித்தால் சிறுநீரகம் புதிதாக முளைக்கும். அவர் எதையும் வாசித்ததில்லை. அனுப்புவது வேலை, வாசிப்பது மற்றவன் பாடு. ஒருநாள் அக்கா, “அண்ணை, இது ஆர் சொன்னது?” என்று கேட்டு எழுதினாள். “எனக்கு வந்தது, நான் விட்டன்” என்று பதில் வந்தது. அதன் கீழே இருபத்தாறு பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து அக்காவுக்குக் குழுவில் ‘சிஐடி புஸ்பம்’ என்று பெயர்.

போன வருடம் அக்காவின் சிறுநீரகங்கள்தான் பழுதாகின. மாற்ற வழியில்லை, சில மாதங்கள் என்று வைத்தியர் சொன்னார். அக்கா கலண்டரைப் பார்த்தாள். சிவரூபனின் கம்பனி பன்னிரண்டு மாதத்துக்கு ஒரேயொரு அவசர லீவுதான் கொடுக்கும். இரண்டாம் தடவை கேட்டால் வேலையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். வேலையை விட அவனுக்கு வழியில்லை. பொண்சாதி, இரண்டு பிள்ளைகள், பாதி கட்டிய வீடு. வெள்ளிக்கிழமை அழைப்பில் அக்கா அவனுக்குச் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

“ரூபன், அந்த லீவு என்ர கடைசிக்கு. முதலே கெடுத்துப் போடாதை. ஆர் என்ன சொன்னாலும் வராதை. நான் என்ர வாயால வா எண்டு சொன்னால் மட்டும் வா.”

“அப்ப உங்களால கதைக்க ஏலாமப் போனால்?”

“சின்னம்மா சொல்லுவா. அவ கண்ணால பாத்திட்டுச் சொல்லுவா” என்று என்னைப் பார்த்தாள்.

அவள் தனக்காகக் கேட்டது அந்த ஒன்றுதான். கண் மூடும்போது மகன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மார்கழி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அக்கா ஆஸ்பத்திரியில். ஸ்கானுக்குப் போகும் அவசரத்தில் மேசையில் இருந்த பால் விடாத பிளேன்ரீக் கோப்பைக்குள் போன் விழுந்துவிட்டது. துணைக்கு நின்ற என் மகள் கீர்த்தனி, பெரியம்மாவுக்கு யாரும் போன் எடுக்க வேண்டாம் என்று சொல்வதற்காகக் குழுவில் எழுதினாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு வசனத்தை ஒரு வசனமாக எழுதுவதில்லை. துண்டு துண்டாக அனுப்பினாள்.

பெரியம்மான்ர போன்

பிளேன்ரீக்குள்ள விழுந்து

மோசம் போட்டுது

கடைசித் துண்டுக்குப் பக்கத்தில் அழுகிற முகம் ஒன்று.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் ‘செத்துப் போனார்’ என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்ல மாட்டோம். மோசம் போனார் என்போம். இரக்கம் கூடினால் ஆளை அஃறிணை ஆக்குவோம்: பாவம், மனிசி மோசம் போட்டுது. கீர்த்தனி போனுக்குச் சொன்னது பகிடி. ஆனால் ஒரு போனும் ஒரு மனிசியும் ஒரே மாதிரி மோசம் போகிற ஊர் இது. இலக்கணம் எங்களைக் காப்பாற்றாது. வாசிப்பு காப்பாற்றியிருக்கும்.

இராசையா அண்ணனின் போன் பூட்டியிருந்தது. பூட்டின் மேலே கடைசித் துண்டு மட்டும் தெரிந்தது: கீர்த்தனி, மோசம் போட்டுது, அழுகிற முகம். திறந்து மேலே இருந்த இரண்டு வரியைப் பார்க்க ஒரு விரல் போதும். அந்த விரலுக்கு வேறு வேலை இருந்தது. பதினொரு நிமிடத்தில் மரண அறிவித்தல் போட்டுவிட்டார். குத்துவிளக்கும் தாமரையும் போட்ட வெறும் அட்டை ஒன்று அவரிடம் ஆயத்தமாகவே இருக்கும். அதில் ‘அமரர் புஸ்பராணி’, கீழே அன்றைய திகதி. படத்தை ஏதோ கலியாணப் படத்திலிருந்து வெட்டியிருந்தார். பக்கத்தில் நின்றவளின் பச்சைச் சேலைத் தோள் அக்காவோடு சேர்ந்தே அமரத்துவம் அடைந்திருந்தது.

நூற்று நாற்பத்து மூன்று பேரில் ஒருவரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை. கைகூப்பிய படங்கள் மழை போல் கொட்டின. ‘சிஐடி புஸ்பம்’ என்று சிரித்த அதே ஆட்கள் ‘பண்பின் சிகரம்’ என்றார்கள்.

நான் குசினியில் அக்காவுக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தேன். போன் விழுந்த கதையைக் கீர்த்தனி முதலே எனக்குச் சொல்லியிருந்தாள். போன் அடிக்கத் தொடங்கியது. “இல்லை, அக்கா நல்லா இருக்கிறா” என்று சொன்னாலும் ஒருவரும் வைப்பதாக இல்லை. எப்படி, ஏன், அப்ப அந்தப் படம் என்ன என்று முழுக்கதை வேண்டும். பதின்மூன்று பேர். இடையில் சிவரூபனுக்கு எடுத்தேன். அவன் லைன் ஓயவில்லை. அவனுக்கும் அனுதாபம் கொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை சொன்னபடிதான் நடந்திருக்கிறான். தாய்க்கு எடுத்தான், போன் தேத்தண்ணிக்குள் செத்திருந்தது. எனக்கு எடுத்தான், நான் அனுதாபக்காரரோடு. கீர்த்தனிக்கு எடுத்தான், அவள் ஸ்கான் அறை வாசலில் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாள். பிறகு அவனும் அழைப்புகள் தாங்காமல் போனை நிறுத்திவிட்டு, லீவு எழுதிக் கொடுத்து, விமானம் ஏறினான். ‘அம்மா உயிரோடு இருக்கிறா, வராதை’ என்ற என் செய்தியை அவன் வாசித்தது கட்டுநாயக்காவில் இறங்கின பிறகு.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரிக்கு நேரில் வந்தவர் ஒரேயொருவர். ஸைனுலாப்தீன் நானா, கிண்ணியாவில் இருந்து பஸ் ஏறி, வெள்ளைச் சேட்டோடு வார்ட்டு வாசலில் வந்து நின்றார். அக்கா கட்டிலில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தாள்.

“அல்லாவே, மிஸ்! நான் ஒங்கட மையத்தப் பாக்க வந்தன், நீங்க சோறு திங்கிறீங்க.”

“கொஞ்சம் பொறுங்கோ நானா. பேப்பர் இன்னும் சரிவரேல்ல.”

“எனக்கும் அந்தப் படம் வந்திச்சி. நான் ஆருக்கும் விடல்ல. மிஸ்ஸோட இருவது வருசம் வேல செஞ்சிட்டு, கண்ணால பாக்காம விட ஏலுமா?”

அக்கா சிரித்துப் புரையேற, தாதி வந்து சத்தம் போட்டாள். பிறகு கீர்த்தனியின் போனை வாங்கி அண்ணனுக்கு எடுத்தாள்.

“அண்ணை, புஸ்பம் கதைக்கிறன்.”

“எந்தப் புஸ்பம்?”

“நீங்கள் பதினொரு நிமிசத்தில அமரராக்கின புஸ்பம்.”

“எனக்கு மெசேச் வந்ததுதானே, தங்கச்சி.”

“என்ன மெசேச்?”

“மோசம் போட்டுது எண்டு.”

“எது மோசம் போட்டுது?”

“அது… அதை நான் பாக்கேல்ல.”

“ஓம். அதைத்தான் கேட்டனான்.” போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீர்த்தனியிடம் சொன்னாள்: “உனக்கும்தான். ‘பழுதாப் போட்டுது’ எண்டு ஒரே வசனமா எழுதியிருந்தால் ஒரு கரைச்சலும் இல்ல. பகிடி விடுறதெண்டால் ஒரே பேப்பரில விடு.” கீர்த்தனி அழுதாள். அழ வேண்டியதுதான்.

அண்ணன் அட்டையை நீக்கினார். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று ஒரு சாம்பல் வரி மிஞ்சியது. அதற்குள் அது எத்தனை குழுவுக்குப் போனதோ. மன்னிப்பு ஒரு வரி இல்லை. விடிய ஐந்து மணிக்கு ரோசாப்பூ வந்தது.

புதன்கிழமை பொழுது படும் நேரம் சிவரூபன் பையோடு வார்ட்டுக்குள் வந்தான். அக்கா அவனைக் கண்டதும் முதலில் கேட்டது, “ஆர் சொல்லி வந்தனீ?” அவன் பையை வைத்துவிட்டு அவள் காலடியில் இருந்தான். அவள் அவன் தலையில் கை வைத்துக்கொண்டு, “கெடுத்துப் போட்டாங்கள், ரூபன். கெடுத்துப் போட்டாங்கள்” என்றாள். முப்பத்தொரு வருடம் எத்தனையோ அழுகையைப் பார்த்தும் அழாதவள் அன்று அழுதாள்.

எட்டு நாள் நின்றான். வீட்டுக்குக் கூட்டி வந்து குளிக்க வார்த்தான், தலை சீவி விட்டான், புதுப் போன் வாங்கிக் கொடுத்தான். ஒன்பதாம் நாள் போனான். இரண்டு பேருக்கும் தெரியும், அதுதான் அந்த லீவு.

இதற்குப் பிறகு இராசையா அண்ணன் கண்ட வீட்டிலெல்லாம் சொன்ன கதை வேறு. “நான் போட்டபடியாத்தானே பெடியன் தாயை உயிரோட பாத்தவன்? எல்லாம் நல்லதுக்குத்தான்.” கேட்டவர்களும் தலையாட்டினார்கள். ஒருவனுடைய வீட்டைக் கொளுத்திவிட்டு, குளிர் காய்ந்தாய்தானே என்று கேட்கிற ஆட்கள். அந்த எட்டு நாளையும் நானும் பார்த்தேன். அவை நல்ல நாட்கள்தான். ஆனால் அவற்றைச் செலவழிக்கும் உரிமை அக்காவுடையது. அண்ணனுடைய விரலுக்கு அதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

மாசி மாதம் அக்காவுக்கு மூச்சு எடுக்கக் கஷ்டமானது. சிவரூபன் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றான். “பிள்ளையளின்ர சோத்தை விட்டிட்டு வந்தால் நான் உன்னோட கதைக்க மாட்டன்” என்றாள் அக்கா. அந்த வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரம் கதைத்தார்கள். வா என்று அவள் ஒரு தடவையும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை பத்தரைக்கு, ஜன்னலால் வெயில் வந்து கட்டிலில் விழுந்திருந்தபோது, அவள் போய்விட்டாள். கை என் கைக்குள் இருந்தது.

வைத்தியர் பார்த்து முடிந்ததும் ஒருவருக்கும் சொல்லாமல் முதலில் அவனுக்கு எடுத்தேன். என் குரலிலேயே விளங்கி, அவன் கேட்டான்.

“சின்னம்மா, ஆர் சொன்னது?”

“ஒருதரும் சொல்லேல்ல, ரூபன். நான்தான் சொல்றன்.”

“எப்ப?”

“பத்தரைக்கு.”

“நீங்கள் கண்ணால பாத்தனீங்களோ?”

“ஓம், அப்பன். பாத்தனான்.”

அவன் அழுகிற சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது. கடைசியில், “வீடியோ ஒண்டும் வேண்டாம், சின்னம்மா. அம்மாவுக்குப் பிடிக்காது” என்றான்.

அண்ணன் வழக்கம்போல் அறிவித்தல் போட்டார். புதிதாகச் செய்ய அவருக்கு நேரமில்லை. போனில் கிடந்த பழைய அட்டையையே விட்டார்: அதே பச்சைத் தோள், அதே மார்கழித் திகதி. ‘அண்ணை, இது பழசு’ என்று ஒருவர் எழுதினார். ‘இன்னொருக்காவும் ஏமாற மாட்டம்’ என்று இன்னொருவர் சிரிக்கிற முகம் போட்டார். நூற்று நாற்பத்து மூன்று பேரில் சவ வீட்டுக்கு வந்தது பதினாறு பேர். ஸைனுலாப்தீன் நானா வந்தார். அவருக்கு நான் போனில் கதைத்துச் சொன்னேன்.

மகன் இல்லாத இடத்தில் கொள்ளி வைக்க அண்ணன் முன்வந்தார். வேறு ஆள் இல்லை. சுடலைக்குப் பெண்கள் போகாத ஊரில் நானும் கூடப் போனேன். சுடலையில் வலது கையில் கொள்ளியை வாங்கினார். இடது கையில் போனை உயர்த்திப் பிடித்து, வெளிச்சம் சரியா என்று பார்த்தார்.

நான் போய் அந்தப் போனை அவர் கையிலிருந்து எடுத்து நிறுத்தினேன்.

“என்ன செய்யிறாய்? ரூபன் பாக்க வேண்டாமோ?” என்று அண்ணன் சத்தம் போட்டார்.

“அவன் கேக்க வேண்டியதைக் கேட்டிட்டான், அண்ணை. நீங்கள் ஒருக்கா உங்கட கண்ணால பாருங்கோ.”