கோணலாகச் செய்யச் சொன்ன மேடம்

1. திரும்பி வந்த பெட்டிகள்

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் எங்கள் ஷெட் வாசலில் லாரி சர்வீஸ்காரர் அட்டைப் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, "உங்க சரக்குதாம்மா, ரிட்டன் வந்திருக்குது. கையெழுத்து போடுங்க" என்றார். புது வருஷத்துக்கும் பொங்கலுக்கும் என்று சென்னையிலுள்ள ஒரு பரிசுப்பொருள் கடைக்கு நாங்கள் அனுப்பிய வாழ்த்து அட்டைகள் அவை. எல்லாம் கைவேலை. சீசன் தொடங்கவே இன்னும் நாள் இருந்தது, அதற்குள் அத்தனையும் வாசலுக்கே வந்துவிட்டது.

மழையில் நனைந்ததா, பசை விட்டுவிட்டதா, ஒட்டிய இலை நொறுங்கிவிட்டதா? பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். ஒரு குறை இல்லை. முதலாளி சபாபதி சென்னைக்கு போன் போட்டுப் பேசிவிட்டு வெளியே வந்தார். முகம் செத்துக் கிடந்தது.

"என்னங்க சொல்றாங்க?"

"ரொம்ப நீட்டா இருக்குதாம் விஜயா."

"நீட்டா இருந்தா என்னங்க?"

"கையால செஞ்ச மாதிரியே இல்லையாம். மெஷின்ல அடிச்சதுன்னு கஸ்டமரு நெனைச்சுக்குவாங்களாம். அதனால வேணாங்குறாங்க."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! இத்தனை வருஷ வேலையில் கோணல் என்று சரக்குத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன், வெடிப்பு என்று திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

2. எங்கள் கண் எங்கே பழகியது

இப்போது போனில் வீடியோ பார்த்து வாழ்த்து அட்டையும் சுவர் அலங்காரமும் செய்யும் பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனவே நாங்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பீங்கான் வேலைக்காரர்கள். சபாபதி அதே ஷெட்டில் பொம்மை யூனிட் வைத்திருந்தவர். அச்சில் ஊற்றி எடுத்த பொம்மை சூளையில் வெந்து வந்ததும் என் மேசைக்கு வரும். அந்த மேசைக்கு செலக்‌ஷன் என்று பெயர். விரலால் சுண்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். சத்தம் அமுங்கினால் உள்ளே கீறல் இருக்கிறது என்று அர்த்தம். மூக்கு ஒரு நூல் விலகியிருந்தாலும் செகண்ட்ஸ் கூடையில் போட்டுவிடுவோம். அந்தக் கூடைச் சரக்கு திருவிழாக் கடைக்குப் போகும், ஷோரூமுக்குப் போகாது. இதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே சட்டம்.

கஸ்தூரி டெக்கரேஷன் மேசையில் இருந்தாள். மங்கலம்பேட்டை பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். பொம்மைக்குக் கண் எழுதுவது அவள் வேலை. இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பொம்மை பேய் மாதிரி ஆகிவிடும். கஸ்தூரி எழுதிய பொம்மை எதுவும் என் கூடையில் விழுந்ததில்லை. அவள் கணவர் சாரத்திலிருந்து விழுந்து முதுகு ஒடிந்து வீட்டோடு கிடந்தார். மகள் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். இவள் சம்பளம் வந்தால்தான் அந்த வீட்டில் உலை.

சீனா பொம்மை வந்து எங்கள் பொம்மையைத் தின்றுவிட்டது. சூளை அணைந்தது. சபாபதிக்கு யாரோ யோசனை சொல்ல, அதே ஆட்களை வைத்து வாழ்த்து அட்டையும் வீட்டு அலங்காரமும் செய்ய ஆரம்பித்தார். புதுச்சேரியிலிருந்து கையால் செய்த காகிதம் வரும். அரச இலையைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, சதை அழுகியதும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் நரம்பு மட்டும் வலை போல நிற்கும். அந்த நாற்றத்தில் சோறு இறங்காது. அந்த இலையின் மேல் கஸ்தூரி மயிலும் தாமரையும் எழுதுவாள். காகித மடிப்பை அழுத்த உடைந்த பீங்கான் துண்டையே வழவழப்பாகத் தேய்த்து வைத்திருந்தோம். மிச்சமிருந்த பீங்கான் மணிகளைக் கோத்து வாசல் தோரணம் செய்தோம்.

என் மேசை அப்படியே இருந்தது. அட்டை கோணலா, பசை வழிந்ததா, மடிப்பு விலகியதா, உடனே செகண்ட்ஸ் பெட்டிக்குப் போகும். எங்களை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எங்கள் கண் அப்படி.

3. மேடம் வந்தாங்க

பெட்டி திரும்பிய அடுத்த வாரம் கடைக்கார மேடமே காரில் வந்து இறங்கினார். நல்ல கைத்தறிப் புடவை. ஷெட்டைச் சுற்றி வந்து, அழுகும் இலைத் தொட்டியைப் படம் எடுத்தார். அப்புறம் என் மேசைக்குக் கீழே இருந்த செகண்ட்ஸ் பெட்டியைப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"அது கழிச்சுப் போட்டது மேடம்."

உட்கார்ந்து அதைக் கிளற ஆரம்பித்துவிட்டார். இலை சரிந்தது, வண்ணம் வழிந்தது, யாரோ ஒருத்தியின் பசைக்கை பதிந்தது, ஒவ்வொன்றாக எடுத்து மடியில் அடுக்கினார்.

"அய்யோ, இதுதாங்க! இதத்தான் நான் தேடிட்டு இருந்தேன். இதுல ஒரு லைஃப் இருக்கு பாருங்க. பெர்ஃபெக்டா வேணும்னா பிரஸ்ல அடிச்சுக்கலாமே. எங்க கஸ்டமருக்கு உங்க பெண்களோட இன்னசென்ஸ் தெரியணும். எல்லாமே இப்படிப் பண்ணுங்க. ஓரத்துல ஒரு கட்டைவிரல் ரேகை மாதிரி கறை இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

கஸ்தூரி என் காதருகே கேட்டாள். "இன்னசென்ஸ்னா இன்னா கா?"

"ஒண்ணும் தெரியாதவங்கன்னு அர்த்தம்டி."

நான் சும்மா விடவில்லை. "மேடம், அது வேலை கத்துக்க வந்த புதுப் பொண்ணுங்க கெடுத்தது. அத வித்தா எங்க பேரு கெட்டுடும்" என்றேன்.

மேடம் சிரித்தார். "உங்க பேரு அட்டையில வராதுங்க" என்றார்.

முதலாளியும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

4. எவ்வளவு கோணல்?

மேடம் நான்கைந்து கோணல் அட்டைகளை மாதிரிக்கு வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் கஸ்தூரி அவற்றை முன்னால் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். பிரஷ்ஷை எடுப்பாள், வைப்பாள். கடைசியில் என்னைக் கூப்பிட்டாள்.

"எவ்ளோ கோணலா கா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "உன் இஷ்டம்டி. கையை விட்டுப் புடி, அதுவா கோணும்."

"கோண மாட்டேங்குது கா."

உண்மைதான். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினாலும் இலை நேராகப் போய் உட்கார்ந்தது. மதியம் சோறு தின்னாமல் யோசித்தவள் மறுநாள் ஒரு வழியோடு வந்தாள். கணவர் முதுகை எடுத்த பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டி ஓர் அச்சு செய்திருந்தாள். அதை அட்டைமேல் வைத்தால் இலை எங்கே, எந்தச் சரிவில் விழ வேண்டும் என்று காட்டும். கறைக்கு ஒரு ஓட்டை. அதில் கட்டைவிரலை வைத்தால் ரேகை எப்போதும் அதே மூலையில் விழும். மற்ற பெண்களும் அதே அச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அச்சை விட அதிகமாகச் சரிந்த அட்டைகளையெல்லாம் செகண்ட்ஸ் பெட்டியில் போட்டேன்! பழக்கம். என்னை நானே திட்டிக்கொண்டேன், ஆனாலும் போட்டேன்.

மேடம் வந்தார். வரிசையாக அடுக்கியிருந்த கோணல் அட்டைகளைப் பார்த்தார். ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒரே கோணல். எல்லாக் கறையும் ஒரே மூலை.

"என்ன சபாபதி இது? கோணலைக்கூட மெஷின் மாதிரி செஞ்சிருக்காங்க!"

கஸ்தூரி எழுந்து நின்றாள். "மேடம், நீங்க குடுத்த மாடல் மாதிரியேதான் இருக்குது. அளந்து பாருங்க" என்றாள். அவளுக்கு அது பெருமை. பாவி, அவள் ஒரு பாராட்டுக்காகத்தான் நின்றுகொண்டிருந்தாள்.

மேடம் அவளைப் பார்க்கக்கூட இல்லை. முதலாளியிடம் சொன்னார். "இவங்க கை ரொம்ப ட்ரெய்ன் ஆயிடுச்சுங்க. இனிமே மாறாது. ஃப்ரெஷ்ஷா, ஒண்ணும் தெரியாத பொண்ணுங்களா எடுங்க. அப்படின்னா ஆர்டர் கண்டினியூ பண்றேன். குறிப்பா இந்த அம்மா வேணாம்."

கார் போனதும் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார்.

"விஜயா, கஸ்தூரிகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு."

"என்னன்னு சொல்லணும்ங்க?"

"வேற இடம் பாத்துக்கச் சொல்லு."

"என்ன காரணம்ங்க? திருடிட்டாளா? லேட்டா வந்தாளா? சரக்கைக் கெடுத்தாளா?"

"உனக்குத் தெரியாததா விஜயா? ஆர்டர் போயிடும்."

"உங்க பொம்மைக்குக் கண்ணு எழுதிக் குடுத்தவ அவ. அந்தப் பொம்மைய வித்துதானே இந்த நாற்காலியில உக்காந்திருக்கீங்க? இன்னைக்கு எவளோ ஒருத்தி கார்ல வந்து, இவளுக்கு வேலை தெரிஞ்சுபோச்சு, தொரத்துன்னா தொரத்திடுவீங்களா? சூடு சொரணை வேணாமா?"

வெளியே எல்லாருக்கும் கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். கேட்டது. முதலாளி கையைப் பிசைந்துகொண்டு, "நீ சொல்லலன்னா நானே சொல்லிக்கிறேன்" என்று எழுந்தார். அவர் வெளியே வருவதற்கு முன்பே கஸ்தூரி பிரஷ்களைக் கழுவித் துணியில் ஒற்றி மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டாள். அந்த வரிசையும் நேராகத்தான் இருந்தது.

நானும் என் பையை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இரு கா. நீ இருந்தாத்தான் மத்த பொண்ணுங்கள வேலைய விட்டுத் தூக்க மாட்டாங்க." பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தேன். அங்கேதான் அழுதாள். "வேலை தெரியலன்னு அனுப்பியிருந்தா பரவால்ல கா. வேலை தெரியுதுன்னு அனுப்புறாங்களே, இத வூட்ல போயி நான் இன்னான்னு சொல்றது?"

பஸ் வந்ததும் அவளை ஏற்றிவிட்டேன்.

5. மேடம் வீட்டுக் கல்யாணம்

புதுப் பெண்கள் வந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வேலை கற்றுக்கொள்ளத்தான் வந்தார்கள். கற்றுக்கொடுக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. ஒருத்தி கொஞ்சம் நேராக ஒட்டக் கற்றுக்கொண்டால் அவளை அட்டையிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டார்கள். இப்படி ஒரு தொழிற்கூடம் உலகத்தில் வேறெங்காவது உண்டா?

அடுத்த வருஷம் ஆவணியில் ஒரு நாள் போன் வந்தது. முதலாளி வெளியே போயிருந்ததால் நான் எடுத்தேன். மேடம்தான்.

"விஜயாம்மா, எங்க பையனுக்குக் கல்யாணம். இன்விடேஷன் உங்ககிட்டதான் பண்ணப்போறோம். அரச இலையில மயில். அந்தப் பழைய அம்மா இருந்தாங்களே, நீட்டா கோடு இழுப்பாங்களே, அவங்க கையால வேணும். ஒரு கறை இருக்கக்கூடாது. இலை இம்மியும் சாயக்கூடாது."

"ரொம்ப நீட்டா இருந்தா மெஷின்ல அடிச்ச மாதிரி இருக்குமே மேடம்?"

"அய்யோ, இது எங்க வீட்டு ஃபங்ஷனுங்க! சம்பந்தி பெரிய இடம். கோணலும் மாணலுமா குடுத்தா என்ன நெனைப்பாங்க?"

போனை வைத்துவிட்டேன். கடைக்கு வருகிறவர்களுக்குக் கோணல், சம்பந்திக்கு நேர். அவருக்கு எது நல்ல வேலை என்று தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்துகொண்டேதான் அத்தனையும் செய்திருக்கிறார்.

முதலாளி வந்து விஷயம் தெரிந்ததும் துள்ளினார். "போயி கஸ்தூரியக் கூட்டிட்டு வா. பழைய சம்பளத்துக்கு மேலயே தரேன்னு சொல்லு."

கஸ்தூரி அதே பேட்டையில், இரண்டு தெரு தள்ளி, கரண்ட் ஃபியூஸுக்குப் பீங்கான் கட்டை செய்யும் யூனிட்டில் செலக்‌ஷனில் இருந்தாள். டீ நேரத்தில் போய்ப் பார்த்தேன். மேடம் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மறைப்பதற்கு நான் யார்? அவள் டீயைக் குடித்து முடித்தாள்.

"வரல கா."

"சம்பளம் கூடத் தராராம்டி. புள்ளை காலேஜு போகுதுல்ல? யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன் கா. இங்க கோணலா இருந்தா தூக்கிப் போட்டுடுறாங்க. நிம்மதியா இருக்குது."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் ஷெட்டுக்குத் திரும்பி, "அவ வர மாட்டா" என்று முதலாளியிடம் சொன்னேன். மேடம் பத்திரிகையை வேறெங்கோ அடித்துக்கொண்டார். கல்யாணமும் நடந்திருக்கும். அவர்களுக்கென்ன?

நிம்மதியாக இருக்கிறது என்று அவள் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் மயில் எழுதிய அந்தக் கை வேலையை விட்டு நிற்கும்வரை ஃபியூஸ் கட்டையைச் சுண்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் அவள் பிரஷ்ஷைத் தொடவே இல்லை. மகள் கல்யாணத்துக்குக்கூட வாசலில் கோலம் போட வேறு ஆளைக் கூப்பிட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் கொதிக்கிறது.

கைவேலை செய்கிற பெண்களே, உங்களிடமும் ஒருவர் வருவார். உங்கள் அட்டையைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு சுத்தம் வேண்டாம், கொஞ்சம் கெடுத்துக் கொடுங்கள், அதில்தான் ஜீவன் இருக்கிறது என்று இனிப்பாகப் பேசுவார். மயங்கிவிடாதீர்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் இப்படித்தான் வேண்டுமா என்று முகத்துக்கு நேராகக் கேளுங்கள். பதில் வர நேரமானால் அட்டையை அவர் கையிலிருந்து திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.